கட்டற்ற மென்பொருளும் உரையாசிரியர் உழைப்பும்: கணினிக் கையேடுகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நிரல்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எந்த இயங்குதளம் தோன்றிற்று, அதன் கருவை எழுதியவர் யார், அதனைத் தன்னுடைமையாக்க முயன்ற கொம்பனி எது என்பனவே அவ்வரலாறுகளின் பொருளாக அமைகின்றன. நிரலை எழுதியவரின் பெயர் நிலைத்துவிடுகின்றது. அந்நிரலை இயக்குவது எவ்வாறு, அது எச்சந்தர்ப்பத்தில் இயங்க மறுக்கும், மறுத்தால் செய்யத்தக்கது யாது என்பவற்றை எழுதிவைத்தவரின் பெயரோ அடிக்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. உரையாசிரியர்களை விடுத்து இலக்கண வரலாறு எழுதுவதற்கு ஒப்பானது இது. தொல்காப்பியத்தை நாம் இன்று பயில்வது இளம்பூரணர் முதலான உரையாசிரியர்களின் கைவழியே என்பதை அறிந்த தமிழ் மாணாக்கருக்கு இக்குறைபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மென்பொருளொன்றின் மூலநிரலை எவரும் பெறலாம், பயிலலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமைகளோடு வெளியிடப்படுவதே கட்டற்ற மென்பொருள் எனப்படும். அத்தகைய மென்பொருள்களுக்குக் கையேடு, நிறுவற்குறிப்பு, கட்டளை விளக்கம், பயிற்சிநூல் முதலியவற்றை எழுதும் வேலை ஆவணமாக்கம் என்று வழங்கும். இவ்வேலையிற் பெரும்பகுதி கூலியின்றி, தொண்டர்களாற் செய்யப்பட்டு வருகின்றது. மூலநிரல் பொதுவுடைமையானால் அறிவும் தானே பொதுவுடைமையாகிவிடும் என்ற நம்பிக்கை இவ்வியக்கத்தினரிடையே நெடுங்காலம் நிலவிற்று. விளக்கவுரையின் வரலாற்றை நோக்குமிடத்து அந்நம்பிக்கை எவ்வளவு அரைகுறையானது என்பது புலனாகும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதலாவது நிரலாளர் கையேடு 1971 நவம்பர் 3 ஆந் திகதியிடப்பட்டது. கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அதனை ஆக்கினர். இவ்வியங்குதளத்தின் தோற்றத்திலேயே எழுத்துவேலைக்குப் பெரும் பங்கு இருந்தது என்பது பலரும் கவனியாத செய்தி. இயங்குதள ஆராய்ச்சிக்கெனப் புதிய கணினி வாங்குவதற்கு ஆய்வுகூட நிருவாகம் மனங்கொள்ளவில்லை. எனவே, ஆவணங்களைத் தயாரிக்கும் ஒழுங்கொன்றை அமைப்பதற்கென்று கூறியே அக்குழுவினர் பீ.டீ.பீ.-11 என்னும் கணினியைப் பெற்றுக்கொண்டனர். ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவினைச் சேர்ந்த தட்டெழுத்தாளர்கள் விண்ணப்பங்களைத் தயாரிப்பதற்கு அதனைப் பயன்படுத்தினர். கோட்பாட்டு அறிஞர்களுக்கு முன்னரே அலுவலக எழுத்துவினைஞர் யூனிக்ஸின் பயனாளராயினர் எனலாம். பின்னர் ஜோ ஒசன்னா ஆக்கிய அச்சமைப்பு நிரல்கள், கையேட்டையே அவ்வியங்குதளத்தின்மீது வைத்து அச்சுக்கு ஆயத்தஞ் செய்யும் நிலையை உருவாக்கின. கணித வாய்பாடுகளை அச்சுக்கு அமைக்கும் நிரலைப் பிறையன் கேணிகனுடன் சேர்ந்து ஆக்கிய லொறிண்டா செறி என்பவர், உரைநடையின் வழுக்களைச் சுட்டிக்காட்டும் நிரல்களையும் பின்னர் ஆக்கினார். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்கையேட்டின் வடிவம் தனித்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். கட்டளையின் பெயர், அதனை எழுதும் முறை, விளக்கம், அது தொடும் கோப்புகள், தொடர்புடைய பிற பக்கங்கள் என்ற ஒழுங்கு. இறுதியிற் 'பிழைகள்' என்றொரு தலைப்பு. தான் விற்கும் பொருளின் குறையைத் தானே அச்சிட்டுக் கொடுக்கும் வணிகனை நாம் கண்டதில்லை. யூனிக்ஸ் அக்காலத்தில் விற்பனைப் பொருளாக இல்லாதிருந்தமையே இந்நேர்மைக்கு அடிப்படை என்பது எமது கருத்து. முதற் பதிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் அந்நிரலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. பிற்காலப் பதிப்புகளில் இக்குறிப்பு மறைந்தது. 1979 இல் வெளியான ஏழாம் பதிப்புக் கையேட்டைப் பதிப்பித்த டக்ளஸ் மக்கில்ரோய், விளக்கம் எழுத முற்படுகையில் நிரலின் கோணல்கள் வெளிப்பட்டு, அவற்றை விளக்குவதினும் திருத்துவதே எளிது என்று நிரலையே மாற்றிய அனுபவங்களை நினைவுகூர்ந்துள்ளார். விளக்கவுரை மூலத்தின்மீது தாக்கம் செலுத்துவதற்கு இது நல்ல சான்று. எனினும், இக்கையேட்டை எழுதியோர் பெருங் கொம்பனியொன்றின் சம்பளம் பெற்ற ஊழியர் என்பதை மறத்தலாகாது. தொண்டர் உழைப்பு வேறொரு வாயிலால் உள்ளே வந்தது.

அவ்வாயிலைத் திறந்தது ஒரு வழக்கு. பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரீ. அன்ட் ரீ. தொலைபேசிக் கொம்பனி, 1956 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்துடன் செய்துகொண்ட நீதிமன்ற இணக்கத்தின்படி தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தில் ஈடுபட முடியாதிருந்தது. ஆதலின் யூனிக்ஸை அது பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைக்கு மூலநிரலோடு வழங்கிற்று. ஆனால் பராமரிப்பு இல்லை, உத்தரவாதம் இல்லை, பிழை திருத்தமும் இல்லை. இவ்வாறு கைவிடப்பட்ட பயனாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள நேர்ந்தது. 1975 இல் யூனிக்ஸ் பயனாளர் சங்கம் தோன்றியது இச்சூழ்நிலையிலேயே. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்த எழுந்த ஒரு சட்ட ஏற்பாடு, அதனை இயற்றியோர் எதிர்பாராத வகையில், கூட்டுழைப்புக்கு வித்திட்டது.

இக்கூட்டுழைப்பின் தலைசிறந்த விளைவு சிட்னியில் தோன்றிற்று. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த ஜோன் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருநிரலை மாணாக்கருக்குப் பாடமாக வைக்க விரும்பினார். ஏறத்தாழ 9,000 வரிகளைக் கொண்ட அந்நிரலை ஒழுங்குபடுத்தி, வரிகளுக்கு எண்ணிட்டு ஒரு நூலாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு நூலாகவும் 1976-77 இல் அவர் வெளியிட்டார். ஒன்று சிவப்பு அட்டையும் மற்றையது செம்மஞ்சள் அட்டையும் கொண்டவை. வரி எண்ணைச் சுட்டி, இவ்விடத்தில் இது நிகழ்கின்றது, இது ஏன் இவ்வாறு எழுதப்பட்டது, இவ்விடம் கடினமானது என்று மாணாக்கனின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் முறை அவருடையது. மூலத்தை முதலிற் கொடுத்து, பின் அதனைத் தொடர்ந்து உரை சொல்லும் நமது மரபினை ஒத்தது இது. அவர் தம் நூலுக்கு இட்ட பெயரும் 'விளக்கவுரை' என்பதே.

இந்நூலுக்கு நேர்ந்த கதி எமது ஆய்வுக்கு மையமானது. யூனிக்ஸ் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அதனை வழங்கலாம் என்ற வரையறை தொடக்கத்திலேயே இருந்தது. 1979 இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, மூலநிரலை வகுப்பறையிற் கற்பித்தலை அதன் உரிமம் தடுத்தது. சந்தை மதிப்பு உணரப்பட்டதும் அறிவு வணிக இரகசியமாயிற்று. ஆயினும் லயன்ஸின் விளக்கவுரை அழியவில்லை. பிரதியின் பிரதியாக, எழுத்து மங்கிய ஒளிநகல்களாக, அது கைமாறிக் கைமாறி உலகெங்கும் பரவிற்று. ஒரு தலைமுறைக் கணினி மாணாக்கர் இயங்குதளம் என்பது யாது என்பதைச் சட்டத்திற்குப் புறம்பான அந்நகல்களிலிருந்தே கற்றுக்கொண்டனர். ஏட்டுச் சுவடிகள் படியெடுக்கப்பட்டுப் பரவிய வரலாற்றை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. வியப்பு, அது இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் நிகழ்ந்தது என்பதே. 1996 இலேயே அந்நூல் முறைப்படி அச்சேறி வெளிவந்தது. லயன்ஸ் 1998 இற் காலமானார்.

இத்தடையின் விளைவுகளையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். யூனிக்ஸைக் கற்பிக்க முடியாது போகவே, நெதர்லாந்தில் பேராசிரியராயிருந்த அன்ட்ரூ டனன்பாம் கற்பித்தலுக்கென்றே மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தை எழுதிப் பாடநூலோடு 1987 இல் வெளியிட்டார். அந்நூலைப் பயின்ற பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். தடைசெய்யப்பட்ட ஓர் உரைநூல், அதன் இடத்தை நிரப்ப எழுந்த ஒரு பாடநூல், அப்பாடநூலின் வாசகன் எழுதிய ஒரு நிரல் என்ற இவ்வரிசையில், விளக்கம் நிரலுக்குப் பின்வருவது என்ற பொதுக் கருத்து தலைகீழாகின்றது.

இதற்கிடையில் ஐக்கிய அமெரிக்காவில் ரிச்சட் ஸ்டோல்மன் 1983 செப்டெம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறநிறுவனம் தாபிக்கப்பட்டது. ஸ்டோல்மனின் அரசியல் பற்றி எழுதியோர் பலர்; அவர் ஒரு கையேட்டாசிரியர் என்பதைக் கூறியோர் சிலரே. ஈமாக்ஸ் என்னும் தொகுப்பிக்கு விரிவான கையேட்டை அவரே எழுதினார். ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சு நூலையும் திரையிற் படிக்கும் நூலையும் பெறத்தக்க டெக்இன்ஃபோ என்னும் எழுத்தமைப்பும் அவரால் ஆக்கப்பட்டதே. அறநிறுவனத்தின் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவரான ரொபேட் சஸெல், நிரலாளரல்லாதாருக்கென ஈமாக்ஸ் நிரல்மொழிக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அச்சிட்ட கையேடுகளை விற்றுக் கிடைத்த பணம் அறநிறுவனத்தின் வருவாயில் ஒரு பங்காயிற்று. சுதந்திரமாகப் பிரதி செய்யத்தக்க நூலை விலைக்கு விற்றலில் முரண்பாடு இல்லை என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டினர்.

எனினும் 1990களில் நிலைமை வேறொரு திசையிற் சென்றது. மென்பொருள்கள் பெருகின, அவற்றுக்கு நல்ல விளக்கநூல்கள் இல்லை. அவ்வெற்றிடத்தை வணிகப் பதிப்பாளர் நிரப்பினர். அவர்களுள் முதன்மையான ஓரெய்லி பதிப்பகம், தொழினுட்பக் கையேடுகளை எழுதிக்கொடுக்கும் ஆலோசனை நிலையமாகத் தொடங்கிப் பின்னர் பதிப்பகமானது என்பது குறிப்பிடத்தக்கது. அந்நூல்கள் தரமானவை, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் நிரல் பொதுவுடைமை, அதன் விளக்கம் தனியுடைமை என்ற வினோதமான பிரிவினை இதனால் உருவாயிற்று. நிரலை மாற்றியமைத்தவன் அதற்கேற்பக் கையேட்டை மாற்றியமைக்க உரிமையற்றவனானான். 1990களின் பிற்பகுதியில் ஸ்டோல்மன் இதனை வன்மையாகக் கண்டித்தார். கட்டற்ற இயங்குதளங்களின் பெருங்குறை நிரல்களில் இல்லை, நல்ல கட்டற்ற கையேடுகள் இல்லாமையே என்பது அவரது வாதம். பதிப்பாளரைக் காட்டிலும் எழுத்தாளர்களையே அவர் குறைகூறினார். எழுதுபவனின் வாழ்வாதாரம் பற்றிய வினாவை அவர் போதிய அளவு எதிர்கொண்டார் என்று நாம் கருதவில்லை.

அவ்வினாவைப் பொருட்படுத்தாது செயலில் இறங்கியோர் லினக்ஸ் ஆவணமாக்கத் திட்டத்தினர். 1992 இல் தொடங்கிய இத்திட்டத்தின் முன்னோடிகளுள் மற் வெல்ஷ், மைக்கல் ஜோன்சன், லார்ஸ் விர்சேனியஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். பெரும்பாலும் மாணவர்கள். நிறுவுதல் பற்றி ஒருவர், நிருவாகம் பற்றி ஒருவர், வலையமைப்புப் பற்றி ஒருவர் எனப் பகிர்ந்து எழுதினர். ஒலாஃப் கிர்ஷ் எழுதிய வலையமைப்பு நிருவாகியின் கையேட்டை 1995 இல் ஓரெய்லி நிறுவனமே அச்சிட்டது. கடையில் விலைக்கு விற்கப்பட்ட அந்நூல் அதே வேளையில் எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாகவும் இருந்தது. பெருநூல்களைவிட இத்திட்டத்திற்குப் புகழ் சேர்த்தவை 'எப்படிச் செய்வது' என்ற வகைச் சிறு குறிப்புகளே. ஒலிப்பதிவு அட்டையை இயக்குதல், அச்சுப்பொறியை இணைத்தல், ஒரு மொழியின் எழுத்துருவைத் திரையிற் காட்டுதல் எனத் தான் பட்ட பாட்டை அடுத்தவன் படாதிருக்கும் பொருட்டு ஒருவன் எழுதிவைத்த குறிப்புகள் அவை. பல மொழிகளில் அவை பெயர்க்கப்பட்டன. பின்னர் அவற்றுட் பல பழமையடைந்து பிழைபட்டமைக்குக் காரணம் எழுதியோரின் அலட்சியம் அன்று. இலக்கண நூலின் உரை மூலம் மாறாதிருப்பதால் நூற்றாண்டுகள் நிற்கின்றது. மென்பொருளின் மூலமோ மாதந்தோறும் மாறுகின்றது. மாறுந்தோறும் உரையின் ஒரு வரி பொய்யாகின்றது. புதிதாக எழுதுதலினும் பேணுதலே பெரிய உழைப்பு. பேணுதலுக்குப் புகழ் இல்லை.

கையேடுகளுக்கெனத் தனி உரிமமொன்று 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிடப்பட்டது. குனு கட்டற்ற ஆவண உரிமம் எனப்படும் இதில், எழுத்தாளர் விரும்பினால் நூலின் சில பகுதிகளை எவரும் மாற்றலாகாதெனக் குறித்துவைக்கலாம் என்ற விதி இடம்பெற்றது. ஈமாக்ஸ் கையேட்டில் குனு கொள்கை அறிக்கை இவ்வாறு மாற்றவொண்ணாத பகுதியாயிற்று. தொழினுட்ப விளக்கம் பொதுவானது, அரசியற் கருத்து அதனைச் சொன்னவருக்கே உரியது என்பது ஸ்டோல்மனின் நியாயம். தன்னார்வலர்களால் நடத்தப்படும் டெபியன் திட்டத்தினர் இதனை ஏற்கவில்லை. கட்டற்ற தன்மைக்குத் தாம் வகுத்த வரையறை நிரலுக்கும் ஆவணத்திற்கும் ஒன்றே என்பது அவர்களது நிலைப்பாடு. நீண்ட விவாதத்தின்பின், மாற்றவொண்ணாப் பகுதிகளைக் கொண்ட ஆவணங்கள் கட்டற்றவையல்ல என 2006 மார்ச்சில் வாக்கெடுப்பின் மூலம் அவர்கள் தீர்மானித்தனர். சுதந்திரத்தைப் பிரகடனம் செய்யும் அறிக்கையைத் தாங்கியிருந்தமையால், அவ்வியக்கத்தின் மூத்த கையேடு டெபியனின் 'கட்டுடைய' பகுதிக்கு நகர்த்தப்பட்டது.

இவ்விவாதத்தில் நாம் டெபியன் பக்கமே சார்கின்றோம். ஆனால் காரணம் வேறு. கொள்கைத் தூய்மை அன்று, வேலை செய்வோரின் வசதியே முக்கியம். நிரலுக்கான பொது உரிமமும் ஆவண உரிமமும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. நிரலுள் எழுதப்பட்ட விளக்கக் குறிப்பொன்றைக் கையேட்டிற்கோ, கையேட்டின் பந்தியொன்றை நிரலுக்குள்ளோ மூன்றாமவர் ஒருவர் எடுத்தாளுவது இதனாற் சட்டச் சிக்கலாயிற்று. நிரலையும் உரையையும் இணைக்க வந்த உரிமம் அவற்றுக்கிடையே வேலியிட்டது.

எதிர்பாராத பிறிதொரு துறையில் இவ்வுரிமம் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. 2001 இல் தோன்றிய விக்கிப்பீடியா இதனையே ஏற்றது. 2003 இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முதலானோரின் உழைப்பால் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் 2009 வரை மென்பொருட் கையேட்டுக்கென வகுக்கப்பட்ட இவ்வுரிமத்தின் கீழேயே எழுதப்பட்டன. ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டு வழங்குவோர்கூட உரிமத்தின் முழு வாசகத்தையும் உடன் இணைக்க வேண்டியிருந்தமை நடைமுறைக்கு ஒவ்வாதிருந்தது. 2008 நவம்பரில் உரிமம் திருத்தப்பட்டு, மறு ஆண்டு யூனில் விக்கிப்பீடியா படைப்பாக்கப் பொதுமங்களின் உரிமத்திற்கு மாறிற்று.

இனி, எழுதுவோர் யார் என்ற வினாவுக்கு வருவோம். மூலநிரல்களைச் சேமிக்கும் கிற்ஹப் நிறுவனம் 2017 இல் நடத்திய ஆய்வில் 5,500க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். முழுமையற்ற அல்லது காலங்கடந்த ஆவணங்கள் தாம் காணும் பிரச்சினை என 93 விழுக்காட்டினர் கூறினர். பங்களிப்போரில் 60 விழுக்காட்டினரோ ஆவணங்களுக்குத் தாம் அரிதாகவே பங்களிப்பதாக அல்லது பங்களிப்பதேயில்லை எனக் கூறினர். எல்லோரும் குறைகாணும் ஒன்றைப் பெரும்பான்மையோர் செய்வதில்லை. இதனைச் சோம்பல் என்று கூறிவிட்டு நகர்தல் ஆய்வாகாது. கட்டற்ற மென்பொருட் சமூகங்களில் மதிப்பு என்பது நிரலால் அளக்கப்படுகின்றது. யார் எத்தனை மாற்றங்களைச் செய்தார் என்ற கணக்கிலிருந்தே தலைமையும் வேலைவாய்ப்பும் பிறக்கின்றன. மூளையுழைப்புக்கும் கையுழைப்புக்கும் இடையிலான பழைய பிரிவினை, முழுவதும் மூளையுழைப்பாகவே அமைந்த ஒரு தொழிலுக்குள்ளும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டுள்ளது. படைப்பது உயர்வு, விளக்குவது தாழ்வு.

புதிதாக வருவோரிடம் 'நிரல் எழுதத் தெரியாவிட்டால் கையேட்டுக்கு உதவுக' என்று கூறும் வழக்கம் இக்கருத்துநிலையின் வெளிப்பாடே. அழைப்பு நல்லது, அதனுள் பொதிந்துள்ள மதிப்பீடு நல்லதன்று. விளக்கம் எழுதுபவன் செய்வது யாதென்பதைச் சற்று நோக்குவோம். முன்பு எதுவும் நிறுவப்படாத ஒரு கணினியை எடுத்து, கையேடு கூறும் ஒவ்வொரு கட்டளையையும் அதே ஒழுங்கில் இட்டுப் பார்க்கின்றான். ஏழாவது படியிற் பிழைச்செய்தி தோன்றுகின்றது. ஆக்கியவரின் கணினியில் முன்னரே இருந்த ஏதோவொரு துணைநிரல் இங்கு இல்லை என்பதைத் தேடிக் கண்டறிகின்றான். அதனை எந்தப் பதிப்புக்கு, எந்த இயங்குதளத்திற்கு என்று வரையறுத்து எழுதுகின்றான். எழுதியதை நிரல் வைக்கப்பட்டுள்ள அதே களஞ்சியத்திற்குத் திருத்தமாக அனுப்புகின்றான். பேணுநர் அதனைப் படித்து, இது கையேட்டின் குற்றமன்று, நிரலின் குற்றம் என உணர்ந்து நிரலைத் திருத்துவதும் உண்டு. மக்கில்ரோய் நினைவுகூர்ந்த அனுபவம் இவ்வாறு அன்றாடம் மீள நிகழ்கின்றது. ஆக்கியவருக்கு இல்லாத ஒரு தகைமை புதியவருக்கு உண்டு: அவருக்கு இன்னும் தெரியாது. எவ்விடத்தில் வாசகன் இடறுவான் என்பதை இடறியவனே அறிவான். சில வாரங்களில் அவனும் தேர்ச்சி பெற்று அத்தகைமையை இழந்துவிடுவான். ஆவணத்தின் பிழையை நிரலின் பிழைக்கு நிகராகக் கொள்ளும் ஓப்பன் பீ.எஸ்.டி. போன்ற திட்டங்கள் விதிவிலக்குகள்.

லினக்ஸ் கருவின் இடைமுகங்களை விளக்கும் கையேட்டுப் பக்கங்களின் அண்மைக்கால வரலாறு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. 1971 ஆம் ஆண்டுக் கையேட்டின் நேர் வாரிசுகள் இவை. அதே தலைப்புகள், அதே 'பிழைகள்' பகுதி. 1995 முதல் அன்ட்றீஸ் பிறவரும், 2004 முதல் பல்லாண்டுகள் மைக்கல் கெரிஸ்க்கும் இவற்றைப் பேணினர். அனுபவத்தின் பேறாகக் கெரிஸ்க் 2010 இல் 1,500 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பெருநூலையும் எழுதினார். அவருக்குப் பின்வந்த பேணுநர், எந்தக் கொம்பனியும் தமது வேலைக்கு ஊதியம் தரவில்லை என்றும் ஓய்வு நேரத்தில் இதனைத் தொடர்ந்து செய்யப் பொருளாதார வசதி இடந்தரவில்லை என்றும் கூறி, 2024 செப்டெம்பரில் வேலையை நிறுத்தினார். உலகின் மிகப் பெரிய கொம்பனிகளின் சேவையகக் கணினிகள் இயங்குவது லினக்ஸ் மீது. அவற்றின் பொறியியலாளர் அன்றாடம் திறந்து பார்ப்பது இப்பக்கங்களை. வேலைநிறுத்தம் தொழிலாளரின் ஆயுதம் என்பர். முதலாளி என எவரும் இல்லாத இடத்திலும் அது பயன்பட்டது. சில மாதங்களுள் சில கொம்பனிகள் லினக்ஸ் அறநிறுவனத்தினூடாக அவருக்கு ஒப்பந்த ஊதியம் வழங்க முன்வந்தன. கூகிள் நிறுவனம் 2019 முதல் ஆவண எழுத்தாளருக்கு உதவித்தொகை வழங்கும் திட்டமொன்றை நடத்தியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தொண்டு வேண்டும், கூலி வேண்டாம் என்போர் பெரும்பாலும் வேறிடத்திற் கூலி பெறுவோரே.

எமது நாட்டோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அழிவின்பின், காணாமற் போனோர், இடம்பெயர்ந்தோர் முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து ஒழுங்குபடுத்துதற்கென இலங்கைத் தொண்டர்கள் சில நாள்களில் ஒரு மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அது 'சஹன' எனப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. சமூகப் பயன்பாட்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறநிறுவனத்தின் விருதினை 2006 இற் பெற்றது. அனர்த்த வேளையில் மென்பொருளைப் பயன்படுத்துபவன் நேற்று அதனைக் கண்டறியாதவன், பயிற்சிக்கு அவகாசமில்லை. கையேடு இங்கு மென்பொருளின் பின்னிணைப்பு அன்று, மென்பொருளின் பாதி. 2011 ஒக்டோபரில் கலிபோர்ணியாவில் நடந்த ஆவண முகாமொன்றில், எழுதுவோர் பலர் ஓரிடத்திற் கூடிச் சில நாள்களில் ஒரு நூலை முடிக்கும் முறையில், சஹனவின் பிற்காலப் பதிப்புக்கு ஒரு நூல் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அம்பாறையிலும் முல்லைத்தீவிலும் பேரலையாற் பாதிக்கப்பட்டோரின் மொழி ஆங்கிலம் அன்று.

மேற்கூறிய 2017 ஆம் ஆண்டு ஆய்வு, பங்கெடுத்தோரில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் ஆங்கிலத்தை மிக நன்றாக வாசிக்கவோ எழுதவோ இயலாதவர் என்கின்றது. இக்கணக்கு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டோரைப் பற்றியது. கையேடு ஆங்கிலத்தில் இருப்பதாலேயே உள்ளே வராதோர் எந்த ஆய்விலும் எண்ணப்படுவதில்லை.

தமிழில் இவ்வேலையைத் தொடர்ச்சியாகச் செய்வது தமிழ்நாட்டில் 2012 சனவரி முதல் வெளிவரும் 'கணியம்' என்னும் மின்னிதழ். படைப்பாக்கப் பொதும உரிமத்தில், கூலியின்றி எழுதுவோரால் அது நடத்தப்படுகின்றது. அதில் எழுதிய து. நித்யாவின் 'எளிய தமிழில்' என்ற வரிசை நூல்கள் குனு லினக்ஸ், தரவுத்தளம் முதலியவற்றை விளக்குவன. இந்நூல்களின் நடை பண்டிதருக்கு உவப்பாயிராது, பயனாளருக்கு உவப்பாயிருக்கும். லயன்ஸ் தம் மாணாக்கருக்குச் செய்ததைத் தமிழ் மாணாக்கருக்குச் செய்யும் முயற்சியாக நாம் இதனை மதிக்கின்றோம்.

தமிழிற் கையேடு எழுதுபவனுக்கு ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கில்லாத இடர்கள் உள்ளன. திரையில் தோன்றும் பட்டியற் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பின், தமிழ் விளக்கம் இரு மொழிகளுக்கிடையே தத்தளிக்கும். அவை தமிழாக்கப்பட்டிருப்பின், தமிழாக்கியவர் தேர்ந்த சொல்லும் கையேட்டாசிரியர் தேர்ந்த சொல்லும் ஒன்றாதல் வேண்டும். திரையில் 'சேமி' என்றும் நூலில் 'காப்பாற்று' என்றும் இருந்தால் வாசகன் பொத்தானைத் தேடிச் சோர்வான். இலங்கையில் வழங்கும் கலைச்சொல்லும் தமிழ்நாட்டில் வழங்குவதும் வேறுபடுவதுண்டு. சுயமொழிக் கல்வி பல்கலைக்கழகம் வரை வந்த 1960களில், அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் விரிவுரைக் குறிப்புகள் எழுதிய தலைமுறையினர் இத்தகைய சிக்கலை எதிர்கொண்டனர். அவர்களிடம் சொற்றொகுதிக் குழுக்களும் அரசின் அச்சகமும் இருந்தன. இன்றைய தொண்டரிடம் இருப்பது ஒரு மடிக்கணினியும் இரவு நேரமுமே. ஆனால் அன்றைய குறிப்புகளைத் திருத்துதற்கு அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு சொல் பிழையென்று கண்ட மாணவி ஒருத்தி, எவருடைய அனுமதியும் கேளாமல் திருத்தத்தை எழுதி அன்றிரவே அனுப்பலாம். அதனை ஏற்பதோ மறுப்பதோ பேணுநரின் கையில் உள்ளது. மறுத்தாலும் மூலத்தைப் படியெடுத்துத் தன் சொல்லோடு தானே வெளியிட அவளுக்கு உரிமையுண்டு.